வெல்டு நிற்கிறது, பக்கத்து இரும்புதான் விடுகிறது

வெல்டிங் விட்டுப்போச்சு என்று யாராவது ஒரு பொருளைத் தூக்கிக்கொண்டு வந்தால் நான் முதலில் பார்ப்பது விரிசல் எந்த இடத்தில் ஓடியிருக்கிறது என்பதைத்தான். பெரும்பாலும் ராடு (வெல்டிங் குச்சி) உருகி நிரம்பிய இடத்தின் நடுவில் இருக்காது. ரன், அதாவது வெல்டு வரி, முடிந்து தாய்த்தகடு ஆரம்பிக்கிற ஓரத்தில், விளிம்பை ஒட்டியே நேராகப் போயிருக்கும். பொருளுக்குச் சொந்தக்காரர் "வெல்டர் சரியா அடிக்கல சார்" என்பார். வெல்டர் "என் ரன்னைப் பாருங்க, ஒரு பின் ஹோல் கிடையாது, இரும்புதான் சார் மட்டம்" என்பார். இரண்டு பேர் சொல்வதும் பாதிதான். வெல்டு நன்றாகவே இருக்கும், இரும்பும் வாங்கும்போது நன்றாகத்தான் இருந்திருக்கும். இடையில் அந்த ஓரத்து இரும்புக்கு என்ன நடந்தது என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

நான் ஐடிஐயில் வெல்டர் டிரேட் முடித்து, திருச்சி துவாக்குடிப் பக்கத்து ஃபேப்ரிகேஷன் ஷாப்களில் ராடு பிடித்து, அப்புறம் அதே ஏரியாவிலேயே தரக்கட்டுப்பாட்டு வேலைக்கு மாறியவன். பாய்லர் வேலையை நம்பி வளர்ந்த சின்னச் சின்ன ஷாப்கள் அங்கே ஏராளம். வேலை நாளில் பாய்லர் பாகம், லீவில் ஊருக்குப் போனால் சொந்தக்காரர்களின் டிராக்டர் டிரெய்லரும் கரும்பு கிரஷரும் என்று இரண்டு உலகத்து வெல்டிங்கையும் பார்த்தாயிற்று. ஒன்றில் ஒவ்வொரு ராடுக்கும் ரெக்கார்டு உண்டு, இன்னொன்றில் ராடு பெட்டி மேல் கோழி உட்கார்ந்திருக்கும். இரும்பு இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறது.

ஆர்க் பிடிக்கும் இடத்தில் இரும்பு 1500 டிகிரிக்கு மேல் போய் உருகுகிறது, அது எல்லாருக்கும் தெரியும். அதை ஒட்டிய ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உருகவில்லை, ஆனால் 1100, 1200 டிகிரியைச் சில நொடிக்குள் தொட்டுவிட்டு இறங்கியிருக்கிறது. அந்தச் சூட்டில் இரும்பின் படிகத் துகள்கள் ஒன்றையொன்று விழுங்கிப் பெரிதாகின்றன, துகள் பெருத்தால் அடி தாங்கும் குணம் குறையும். அதற்கடுத்து 900, 1000 டிகிரி வரை போன பகுதியில் துகள் புதிதாகப் பிறந்து பொடியாகிவிடும், அது நல்ல பகுதி. அதற்கு வெளியே 750, 800 வரை மட்டும் போன இடம் பாதி மாறி பாதி மாறாமல் நிற்கும். அதையும் தாண்டினால் உருமாற்றம் எதுவும் கிடையாது, ஆனால் தகடு ஏற்கெனவே ஹீட் ட்ரீட்மென்ட் வாங்கியிருந்தால் அங்கே அது இளகிவிடும். எல்லாம் சேர்த்தே அரை விரல் அகலம்தான், அதற்குள் நாலு வகை இரும்பு. ஷாப்பில் இந்தப் பகுதியை ஹேஸ் (ஹீட் அஃபெக்டட் ஸோன், சூடு பாதித்த பகுதி) என்போம். டெஸ்ட் பீஸை அறுத்துப் பாலிஷ் போட்டு ஆசிட் தடவினால் வெல்டைச் சுற்றிக் கறுத்த விளிம்பாகக் கண்ணுக்கே தெரியும். வெல்டர் பையன்களுக்கு முதல் வாரத்திலேயே இதைக் காட்டிவிட வேண்டும், எத்தனை லெக்சர் அடித்தாலும் அந்த ஒரு கறுப்பு விளிம்பு ஏறுகிற மாதிரி மண்டையில் ஏறாது.

சூடேறுவதைவிட ஆறுவதில்தான் விஷயம் அதிகம். 800 டிகிரியிலிருந்து 500 டிகிரிக்கு இறங்க எத்தனை நொடி ஆகிறது என்பதுதான் கணக்கு. கொல்லுப் பட்டறையில் அரிவாளைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்குவார்கள், விளிம்பு கடினமாகும், ஆனால் அப்படியே விட்டால் கல்லில் பட்டதும் சில்லாகத் தெறிக்கும், அதனால் மறுபடி லேசாகக் காய்ச்சிப் பதம் பார்ப்பார்கள். 25 மி.மீ. தகட்டின் மேல் சின்னதாக ஒரு ரன் போட்டால் அங்கே முக்குவதற்குத் தண்ணீரே தேவையில்லை. சுற்றி இருக்கிற குளிர்ந்த இரும்பு அந்தச் சூட்டை உறிஞ்சி, தண்ணீரில் முக்கிய அளவுக்கு வேகமாக ஆற்றிவிடுகிறது. பதம் பார்க்கத்தான் ஆள் கிடையாது. கனமான தகட்டில் சின்ன டேக் (பிடிமானத்துக்கு வைக்கிற பொட்டு வெல்டு) அடிப்பது பெரிய வெல்டைவிட ஆபத்து என்று நான் சொன்னால் நிறையப் பேர் நம்ப மாட்டார்கள். டேக்குதானே, அப்புறம் மேலே ரன் வரும்போது உருகிவிடும் என்பார்கள். உருகினால் சரி. கிளாம்ப் வைக்க அடித்து, பிறகு சுத்தியலால் தட்டி எடுத்துவிட்ட டேக் இருக்கிறதே, அதன் அடியில் இருக்கிற கடினப் புள்ளி எங்கேயும் போகாது. ஆர்க் ஸ்ட்ரைக்கும் அப்படியே. ராடு பிடிக்குமா என்று தகட்டில் தட்டிப் பார்த்த தழும்பை கிரைண்டர் வைத்துச் சுத்தமாக எடுத்து, முக்கியமான ஜாப் என்றால் டிபி டெஸ்டும் (சாயம் தடவி விரிசல் தேடுவது) போட்டுப் பார்க்கிறோம்.

எவ்வளவு கடினமாகும் என்பது கார்பனைப் பொறுத்தது. மற்ற கலப்புகளையும் கார்பனாக மாற்றிக் கூட்டுகிற கார்பன் ஈக்விவலென்ட் கணக்கை எல்லாரும் காகிதத்தில் ஒரு தடவையாவது போட்டுப் பார்க்க வேண்டும்: கார்பன் சதவீதத்தோடு மாங்கனீஸில் ஆறில் ஒரு பங்கு, குரோமியம், மாலிப்டினம், வனேடியம் மூன்றையும் கூட்டி அதில் ஐந்தில் ஒரு பங்கு, நிக்கலும் செம்பும் சேர்த்து அதில் பதினைந்தில் ஒரு பங்கு. சாதாரணக் கட்டுமானத் தகடான ஐஎஸ் 2062 இ250இல் கார்பன் 0.18, மாங்கனீஸ் 0.9 என்று சர்டிபிகேட் வந்தால் 0.33. நிம்மதியாக அடிக்கலாம். 0.40ஐத் தாண்டினால் கனத்தைப் பார்த்து ப்ரீஹீட் (வெல்டுக்கு முன்பே சூடேற்றுவது) யோசிக்க வேண்டும், 0.45க்கு மேல் என்றால் யோசிக்கவே வேண்டாம், பர்னரைப் பற்ற வைத்துவிட வேண்டியதுதான்.

இப்போது லேத் பட்டறைக்கு வாருங்கள். கிரஷர் ஷாஃப்ட், ரைஸ் மில் ஷாஃப்ட், பம்ப் ஷாஃப்ட் எல்லாம் பெரும்பாலும் இஎன் 8 என்ற நடுத்தரக் கார்பன் இரும்பு. கார்பன் 0.40, மாங்கனீஸ் 0.8 என்று வைத்தால் கணக்கு 0.53. பேரிங் உட்காருகிற இடம் தேய்ந்துவிட்டது என்று கொண்டு வருவார்கள். கையில் இருக்கிற சாதாரண 6013 ராடை வைத்துச் சுற்றிலும் ரொப்பி, சீக்கிரம் லேத்தில் ஏற்ற வேண்டுமே என்று ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றி ஆற்றி, கடைந்து, மினுமினு என்று கையில் கொடுத்துவிடுவார்கள். சைஸ் மைக்ரோமீட்டரில் அச்சாக இருக்கும். எங்கள் உறவில் ஒருவர் கிரஷருக்கு அப்படிச் செய்து வந்த ஷாஃப்ட் சீசன் நடுவிலேயே பேரிங் தோள்பட்டையில் இரண்டாகப் போனது. உடைந்த முகத்தைப் பார்த்தால் வெளிச்சுற்றில் துரு ஏறிய மெல்லிய வளையம், அதற்குள் கடல் சிப்பியில் இருக்கிற மாதிரி வரி வரியாக மங்கலான பரப்பு, நடுவில் மட்டும் பளபளவென்று புதிய முறிவு. வெளி வளையம் வெல்டு அடித்த நாளிலேயே வந்த விரிசல். அதிலிருந்து ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய், தாங்க முடியாத அன்றைக்கு மிச்சம் ஒரே அடியில் போயிருக்கிறது. "பேரிங் ஜாம் ஆயிருச்சாம் மாப்ள" என்று அவருக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பேரிங் கையில் வைத்துச் சுற்றினால் அழகாகச் சுற்றியது.

அதே ஷாஃப்டை அடிக்கத் தெரியாமல் இல்லை. 250 டிகிரி வரை சுற்றிலும் சீராகச் சூடேற்றி, காய்ந்த 7018 ராடில் (ஹைட்ரஜன் குறைந்த வகை), அந்தச் சூடு இறங்காமல் ரொப்பி, முடிந்ததும் காய்ந்த மணலிலோ சுண்ணாம்புத் தூளிலோ சாம்பலிலோ புதைத்து மறுநாள் எடுத்தால் ஓரம் அவ்வளவு கடினமாகாது. டெம்பரேச்சர் சாக்பீஸ் சில நூறு ரூபாய்தான், எந்த டிகிரி எழுதியிருக்கிறதோ அந்தச் சூட்டில் உருகும், ஊகமே தேவையில்லை. அதுவும் இல்லாத இடத்தில் ஒரு அரம் இருந்தால் போதும். வெல்டு ஆறியதும் ஓரத்தில் அரத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். கடித்தால் பரவாயில்லை, கண்ணாடி மேல் போகிற மாதிரி வழுக்கினால் அந்த ஷாஃப்ட் மெஷினில் ஏறக் கூடாது. இன்ன இரும்பு என்று தெரியாவிட்டால் கிரைண்டரில் பொறி பாருங்கள்: மைல்டு ஸ்டீல் நீளமான கோடுகளாகப் பறக்கும், கார்பன் ஏற ஏறப் பொறி நுனியில் பூப்பூவாக வெடிக்கும். லேத் பட்டறை அண்ணன்மார்களுக்கு இதெல்லாம் நம்மைவிட நன்றாகத் தெரியும், பாதிப் பேருக்கு நேரம்தான் கிடைப்பதில்லை, மீதிப் பேருக்கு வாடிக்கையாளர் இன்னும் அரை நாள் காத்திருக்க மாட்டேன் என்கிறார்.

ராடு காய்ந்திருக்க வேண்டும் என்றேன். அது சம்பிரதாயம் என்று நினைக்கிறவர்கள் நிறைய. ராடின் மேல் பூச்சில் ஈரம் இருந்தால் ஆர்க்கில் அது பிரிந்து ஹைட்ரஜனாக உருகிய இரும்புக்குள் போகிறது. ஆறும்போது அது ஓரத்து இரும்புக்கு நகர்கிறது. அங்கே இரும்பு கடினமாகவும் இருந்து, வெல்டு சுருங்குகிற இழுப்பும் இருந்தால் விரிசல் விடும், அதுவும் உடனே இல்லை. சூடு 150 டிகிரிக்குக் கீழே இறங்கின பிறகு, சில மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள். மாலையில் டிபி பார்த்துச் சுத்தம் என்று கையெழுத்து போட்ட ஜாயின்டில் மறுநாள் காலையில் கோடு தெரிகிறது என்றால் இன்ஸ்பெக்டர் தூங்கினார் என்று அர்த்தமில்லை. கனமான, உயர் வலிமைத் தகடுகளில் 48 மணி நேரம் விட்டுத்தான் கடைசி டெஸ்ட் எடுப்பது என்று ஸ்பெசிபிகேஷனில் எழுதுவது இதனால்தான். டெலிவரி அவசரத்தில் அந்த 48 மணி நேரத்தை முழுங்கச் சொல்லி வருகிற போன் கால்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

7018 ராடை 300 முதல் 350 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் மதர் ஓவனில் சுட்டு, 120 டிகிரி அளவில் ஹோல்டிங் ஓவனில் வைத்து, வெல்டர் பக்கத்தில் போர்ட்டபிள் ஓவனிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்பது பெட்டி மேலேயே அச்சடித்திருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். எங்கள் ஏரியாவில் ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்து கிடந்த பெட்டி ராடு ஒரு ஷிஃப்டுக்குள் ஈரம் குடித்துவிடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்: ஹோல்டிங் ஓவனில் டிபன் பாக்ஸ் வைக்காதீர்கள். சாம்பார் சாதம் சூடாகக் கிடைக்கும்தான், அந்த ஆவி முழுக்க ராடுக்குத்தான் போகிறது. ஒரு ஷாப்பில் ஓவன் கதவைத் திறந்தால் ராடு வாசனைக்குப் பதில் புளியோதரை வாசனை வந்தது, அன்றைக்கு அந்த லாட் ராடு மொத்தத்தையும் மறுபடி சுட வைத்தோம். 6013க்கு இந்தச் சுடுகிற வேலை கிடையாது, அதன் பூச்சுக்குக் கொஞ்சம் ஈரம் இருந்தால்தான் சரியாக ஓடும். அதனாலேயே அது கனத்த தகட்டுக்கும் கார்பன் கூடிய இரும்புக்கும் ஆகாது. சுலபமாக ஓடுகிறது, ஸ்லாக் தானாக உரிகிறது, ரன் பார்க்க அழகு என்று எல்லாவற்றுக்கும் அதையே பிடிப்பதுதான் நம்மூர் வழக்கம்.

ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்து கிங் ஸ்ட்ரீட் பாலம் 1961இல் திறக்கப்பட்டது. மறு வருஷமே 1962 ஜூலை 10 அன்று, அங்கே அது குளிர்காலம், 45 டன் வண்டி ஒன்று ஏறியபோது ஒரு ஸ்பான் (இரண்டு தூணுக்கு இடைப்பட்ட பகுதி) உட்கார்ந்துவிட்டது. நல்லவேளை, யாரும் சாகவில்லை. உயர் வலிமை இரும்பில் செய்த கர்டர்களின் கீழ்ப் பட்டையில் கூடுதலாக ஒரு கவர் பிளேட்டை வைத்து வெல்டு அடித்திருந்தார்கள். அந்தப் பிளேட் முடிகிற இடத்தில் குறுக்காகப் போட்ட ஃபில்லெட் வெல்டின் (மூலையில் முக்கோணமாக ரொப்புவது) ஓரத்தில்தான் விரிசல்கள் பிறந்திருந்தன. பாலத்தில் வண்டி ஓடிய பிறகு வந்தவை அல்ல, பட்டறையிலேயே வந்தவை. வலிமை கூடிய இரும்பு என்று வாங்கியதே பிரச்சினையைக் கூட்டியது. கார்பனும் மாங்கனீஸும் ஏறின இரும்புக்குப் பழைய மைல்டு ஸ்டீல் பழக்கத்திலேயே வெல்டு அடித்தால் இதுதான் நடக்கும்.

இதுவரை சொன்னது கடினமாகிப் போகிற கதை. நேர் எதிராக இளகிப் போகிற கதையும் உண்டு, அது இன்னும் ஏமாற்று வேலை, ஏனென்றால் விரிசல் எதுவும் தெரியாது. அலுமினியம் 6061 டி6 பைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனியில் சூடேற்றிப் பதப்படுத்தி 310 மெகாபாஸ்கல் இழுவிசை தாங்கும் அளவுக்குக் கொண்டு வந்திருப்பார்கள். வெல்டு அடித்தால் ஓரத்தில் அந்தப் பதம் கலைந்து, டிசைனில் 165 என்றுதான் கணக்கு வைக்க வேண்டும். கிட்டத்தட்டப் பாதி. எந்த ராஜா வெல்டர் அடித்தாலும் அப்படித்தான். அதனால் அலுமினிய ஏணி, பைக் ஃபிரேம், டிப்பர் பாடி இதையெல்லாம் வெல்டிங்கில் சரிசெய்தால் கனம் கூட்டியோ, வெல்டு வருகிற இடத்தை அழுத்தம் குறைந்த இடத்துக்கு மாற்றியோதான் சமாளிக்க முடியும், வெல்டை உயரமாக ரொப்புவதால் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை.

வீடு கட்டுகிறவர்களுக்கு இது டிஎம்டி கம்பியில் வருகிறது. அந்தக் கம்பியின் பலமே ரோலிங் முடிந்ததும் தண்ணீர் பீய்ச்சி வெளித்தோலைக் கடினமாக்கி, உள்சூட்டிலேயே அதைப் பதப்படுத்தி எடுப்பதில்தான் இருக்கிறது. உள்ளே மென்மை, வெளியே வைரம். தூணில் கம்பி நீளம் போதவில்லை என்று வெல்டு அடித்து நீட்டினால் அந்தத் தோல் இளகும், டேக் அடித்த இடத்தில் புள்ளியாகக் கடினமும் ஆகும், இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் கம்பி வளைப்பவர் வளைக்கும்போது டப்பென்று போகிறது. வெல்டு அடிக்கவே கூடாது என்று சொல்லவில்லை, அதற்கென்று முறையும் ராடும் இருக்கிறது, சைட்டில் அதைக் கடைப்பிடிப்பதைத்தான் நான் பார்த்ததில்லை. லேப் விட்டு, அதாவது இரண்டு கம்பியையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்து, கட்டுக்கம்பி கட்டுவது நல்லது, கம்பி கனமென்றால் கப்ளர் (இரண்டு முனையையும் இணைக்கும் குழாய்). 8.8, 10.9 என்ற உயர் வலிமை போல்ட் தலையில் நட்டை வெல்டு அடித்து லாக் செய்வதும் இதே கணக்குதான்.

சரி, வலிமையை விட்டுவிடுவோம். டிரெய்லர், லாரி, கிரேன், ஆடிக்கொண்டே இருக்கிற எந்த மெஷினுக்கும் இன்னொரு சங்கதி இருக்கிறது, நான் அதிகமாகச் சண்டை போடுவது அதைப் பற்றித்தான். உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கப் பார்க்கிறது, சுற்றி இருக்கும் குளிர்ந்த இரும்பு விட மாட்டேன் என்கிறது. அந்த இழுபறி அப்படியே உள்ளே உறைந்துவிடும். அது சின்ன அளவு இல்லை, இ250 தகட்டில் சுமையே ஏற்றாத நிலையிலும் வெல்டை ஒட்டிக் கிட்டத்தட்ட 250 மெகாபாஸ்கல், அதாவது தகடு வளைந்துகொடுக்கும் எல்லை வரைக்கும் இழுவிசை உட்கார்ந்திருக்கலாம். இதோடு ரன்னின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு ஆழத்தில் ஸ்லாக் சொருகிய கீறல்கள் எப்போதும் இருக்கும், நல்ல வெல்டிலும் இருக்கும். அதனால் ஆட்டம் வந்தால் விரிசல் புதிதாகப் பிறக்க வேண்டியதில்லை, பிறந்தே இருக்கிறது, வளர்ந்தால் போதும். ஏறி இறங்குகிற அழுத்தம் இரண்டு மடங்கானால் ஆயுள் பாதியாகும் என்று நினைப்போம். வெல்டில் அது எட்டில் ஒன்றாகும். உயர் வலிமை இரும்பு போட்டும் இதில் தப்பிக்க முடியாது, இ350 தகடு சும்மா நிற்கிற சுமையை 40 சதவீதம் கூடுதலாகத் தாங்கும், வெல்டு அடித்து ஆட்டினால் இ250க்கு நிகராகத்தான் போகும்.

அதனால்தான் டிராக்டர் டிரெய்லர் சேஸில் நம்பர் பிளேட் மாட்ட ஒரு கிளிப், கயிறு கட்ட ஒரு கொக்கி என்று கண்ட இடத்தில் வெல்டு வைக்காதீர்கள் என்று தலையில் அடித்துக்கொள்கிறேன். கொக்கிக்குப் பாரமே கிடையாது, உண்மைதான். பாரம் சேஸுக்கு இருக்கிறதே. சேனலின் கீழ்ப் பட்டையில் குறுக்காகப் போட்ட ஒரு சின்ன வெல்டு போதும், விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும். 1980 மார்ச் 27 அன்று வடகடலில் அலெக்சாண்டர் கீலண்ட் என்ற மிதக்கும் தங்குமேடை கவிழ்ந்து 123 பேர் இறந்தார்கள். அதன் ஒரு குறுக்குத் தாங்கியில், கடலடி ஒலி கேட்கும் கருவியைப் பொருத்த ஒரு வளையத்தை 6 மி.மீ. ஃபில்லெட்டில் வெல்டு அடித்திருந்தார்கள். பாரம் தாங்காத அந்தத் துக்கடா வெல்டிலிருந்து தொடங்கிய விரிசல் தாங்கியையே சுற்றி வந்து அறுத்துவிட்டது, அதன் பிறகு மற்ற தாங்கிகளும் ஒரு காலும் போயின. எங்கள் ஷாப்புக்கு வருகிற டிராயிங்கில் லிஃப்டிங் லக், நேம் பிளேட் பிராக்கெட் எல்லாவற்றையும் நான் மெயின் ஜாயின்டுக்குச் சமமாகப் பார்ப்பது இதைப் படித்த பிறகுதான். சேஸில் ஏதாவது மாட்டியே ஆக வேண்டுமென்றால் சேனலின் செங்குத்துப் பக்கத்தில், நடு உயரத்தில் துளை போட்டு போல்ட் போடுங்கள், அங்கே வளைவு அழுத்தம் கிட்டத்தட்ட இல்லை. ஏற்கெனவே வெல்டு இருந்தால் ஓரத்தை பர் கிரைண்டரால் லேசாகக் குழிவாக்கி, கிரைண்டிங் தடம் நீளவாக்கில் வருமாறு மழமழப்பாக்கலாம், அது நிஜமாகவே ஆயுளைக் கூட்டும்.

விரிசலின் மேலேயே பிளேட் வைத்து நாலு பக்கமும் அடிக்கிற வைத்தியம் அநேகமாக அதே இடத்துக்கு அடுத்த விரிசலைக் கூப்பிடுகிறது. விரிசலைக் கடைசி வரை கோஜ் செய்து, அதாவது குடைந்து எடுத்து, நுனியில் துளை போட்டு, முழுசாக ரொப்பி, தகட்டு மட்டத்துக்கு கிரைண்ட் செய்து, பிளேட் வைத்தே தீர வேண்டுமென்றால் நுனியைக் கூம்பாக வெட்டிக் குறுக்கு வெல்டு இல்லாமல் வைக்க வேண்டும். ஃபில்லெட்டைத் தடிமனாக்கினால் கெட்டி என்பதும் அரைகுறைதான். 6 மி.மீ. கேட்ட இடத்தில் 9 போட்டால் இரண்டேகால் மடங்கு ராடு போகிறது, அத்தனை சூடு கூடுதலாக ஏறுகிறது, அத்தனை சுருக்கமும் கோணலும் வருகிறது. அப்புறம் அந்தக் கோணலை நிமிர்த்த காஸ் டார்ச். கருஞ்சிவப்பு வரை, 600 சொச்சம் டிகிரி வரை காட்டலாம். மஞ்சளாகிற வரை காட்டித் தண்ணீர் ஊற்றினால் ஆரம்பத்தில் சொன்ன ஹேஸ் கதையை நாமே கையால் இன்னொரு தடவை எழுதுகிறோம்.

பாய்லர் பக்கம் இந்த உறைந்த இழுப்பையும் கடினத்தையும் எடுக்க வெல்டுக்குப் பிறகு ஹீட் ட்ரீட்மென்ட் இருக்கிறது, எஸ்ஆர் (ஸ்ட்ரெஸ் ரிலீவிங்) என்போம். கனத்த கார்பன் ஸ்டீலுக்கு 600 முதல் 650 டிகிரி, ஒரு அங்குல கனத்துக்கு ஒரு மணி நேரம் என்பது பொதுக் கணக்கு. ஆனால் எஸ்ஆர் போட்டாலே நல்லது என்று கண்ணை மூடிக்கொள்ள முடியாது, பி91 பைப் அந்த நம்பிக்கையை உடைக்கும். 9 சதவீத குரோமியம், 1 சதவீத மாலிப்டினம், கொஞ்சம் வனேடியமும் நயோபியமும், அதிகச் சூட்டு நீராவிக்கான இரும்பு. வெல்டு அடித்த கையோடு அளந்தால் 400 விக்கர்ஸ் (கடினத்தின் அளவு) காட்டும், கீழே போட்டால் விரிசல் விடுகிற நிலை. 200 டிகிரிக்குக் குறையாமல் ப்ரீஹீட்டில் அடித்து, பிறகு 100 டிகிரிக்குக் கீழே ஆறவிட்டு, அதற்குப் பிறகுதான் 760 டிகிரிக்கு எஸ்ஆர். ஆறவிடாமல் நேராக ஏற்றினால் உள்ளே மாறாமல் நின்ற பகுதி எஸ்ஆர் முடிந்து ஆறும்போது புதிதாகக் கடினமாகும்.

ஒரு ஷாப்பில் எஸ்ஆர் சார்ட் அச்சடித்த மாதிரி அழகாக இருந்தது, ஏறும் வேகம், நிற்கும் நேரம், இறங்கும் வேகம் எல்லாம் பாடப்புத்தகம். ஹார்ட்னெஸ் எடுத்தால் 190க்கு மேல் வர வேண்டிய பைப் 170ஐ ஒட்டி நின்றது. ஒரு தெர்மோகப்புள் (சூடு அளக்கும் கம்பி) பைப்பிலிருந்து லேசாகக் கழன்று இன்சுலேஷனுக்குள் தொங்கியிருக்கிறது. அது குறைவாகக் காட்ட, கன்ட்ரோலர் இன்னும் சூடு கொடு, இன்னும் கொடு என்று தள்ளியிருக்கிறது, பைப் வெந்துவிட்டது. வேறு வழியில்லை, அந்த நீளத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புது ஸ்பூல் (பைப் துண்டு) வைத்தார்கள். அதிலிருந்து சார்ட்டைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். முதலில் தெர்மோகப்புள் எங்கே, எப்படி ஸ்பாட் செய்திருக்கிறது, எத்தனை இருக்கிறது என்று சூடேற்றும் பேட் சுற்றும் முன்பே போய்ப் பார்ப்பது, முடிந்ததும் ஹார்ட்னெஸை வெல்டில் மட்டுமில்லாமல் இரண்டு பக்கத்து ஓரத்திலும் தாய் பைப்பிலும் எடுப்பது. இத்தனையும் சரியாகச் செய்த பி91 ஜாயின்டிலும் பல வருஷ ஓட்டத்துக்குப் பிறகு விரிசல் வந்தால் ஹேஸின் வெளி விளிம்பில்தான் வரும், டைப் ஃபோர் என்பார்கள். அந்த மெல்லிய, பொடித்துகள் பகுதிதான் அதிகச் சூட்டில் மெதுவாக இழுபட்டு முதலில் கைவிடுகிறது. அறைச் சூட்டில் நல்ல பகுதி என்று மேலே சொன்னேனே, அதேதான்.

ஸ்டெயின்லெஸுக்கு ஒரே வரி: வெல்டு வருகிற இடத்துக்கு 304 வேண்டாம், 304எல் கேட்டு வாங்குங்கள். கார்பன் 0.03க்குள் இருப்பதால் ஓரத்தில் குரோமியம் கார்பனோடு ஓடிப்போய்த் துருக்கோடு விழுகிற தொல்லை வராது.

வீட்டு கேட், ஜன்னல் கிரில், மாடி ஷீட் கொட்டகை போடுகிறவர்கள் இதையெல்லாம் படித்துவிட்டு வெல்டரைப் போட்டு வறுத்தெடுக்க வேண்டாம். இரண்டு மூன்று மி.மீ. மைல்டு ஸ்டீல் டியூபுக்கு ப்ரீஹீட்டும் இல்லை, 48 மணி நேரமும் இல்லை. அங்கே பார்க்க வேண்டியது ஓரத்தில் அண்டர்கட் (உருகிக் குழிந்த பள்ளம்) விழுந்து டியூப் மெலிந்திருக்கிறதா, சுற்றிலும் அடித்திருக்கிறாரா இல்லை முன்பக்கம் மட்டும் அழகாக அடித்துப் பின்பக்கத்தை புட்டியால் மூடியிருக்கிறாரா என்பதுதான். ஜிஐ டியூப் என்றால் ஓரத்தில் துத்தநாகப் பூச்சைத் தேய்த்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள், அந்த வெள்ளைப் புகை அவருக்குக் காய்ச்சல் கொண்டுவரும்.

லாரி ஸ்பிரிங் பிளேட் பற்றி எப்போதும் யாராவது கேட்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். கார்பன் 0.5க்கு மேல், பதம் போட்ட இரும்பு, அதுவும் வாழ்நாள் முழுக்க ஆடிக்கொண்டே இருப்பது. வெல்டை ஒட்டிக் கண்ணாடியாகக் கடினமாகும், அதற்குப் பக்கத்தில் பதம் போய் இளகும், இரண்டுக்கும் நடுவில் ஆட்டம். ப்ரீஹீட், 7018, மணலில் புதைப்பது என்று எதைச் செய்தாலும் அந்த இளகின இடம் இளகினதுதான், பிளேட் முழுவதையும் ஃபர்னஸில் வைத்து மறுபடி பதம் போட்டால் தவிர. அந்தச் செலவுக்குப் புது பிளேட்டே வந்துவிடும், கட்டைக் கழற்றுகிறபோதே சென்டர் போல்டையும் யூ போல்டையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.